குழுவிலேயே மெதுவாக ஓட்டுபவர் காஷ்மீரிலிருந்து குமரி வரை போகலாமா?

கேள்வி: எனக்கு 46 வயது. மதுரையில் வங்கி வேலை. நான்கு வருடமாக ஹைப்ரிட் (நேரான ஹேண்டில் உள்ள) சைக்கிள் ஓட்டுகிறேன், ஞாயிறுதோறும் 60, 70 கி.மீ. எங்கள் குழுவில் 9 பேர். அதில் 2 பேர் பெண்கள். மூத்தவருக்கு 58 வயது, சர்க்கரை மாத்திரை எடுக்கிறார். வரும் நவம்பர் முதல் வாரம் ஸ்ரீநகரில் கிளம்பி 27 நாளில் கன்னியாகுமரி சேர்வதாகத் திட்டம். தினமும் 140 கி.மீ. கூடவே ஒரு வேன் வரும். "200 கி.மீ. பிஆர்எம் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஒன்று முடித்துவிட்டால் போதும், மற்றபடி உடம்பு வழியிலேயே பழகிக்கொள்ளும்" என்கிறார்கள். நான்தான் குழுவில் மெதுவானவள். மணிக்கு 20 கி.மீ. போனால் பெரிது; மற்றவர்கள் 26, 27. இரண்டு மணி நேரம் தாண்டினால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன. எல்லோரும் ரோடு பைக் (வளைந்த ஹேண்டில் உள்ள வேகச் சைக்கிள்) வாங்கச் சொல்கிறார்கள். நான் அவர்களுக்குப் பாரமாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. போகலாமா?

- மதுரை வாசகி

பதில்:

போகலாம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது உங்கள் வயதோ வேகமோ எனக்குக் கவலை தரவில்லை. ஓய்வு நாளே வைக்காத அந்த 27 நாள் கணக்குதான் கவலை தந்தது. அதைச் சரிசெய்துவிட்டால் மற்றதெல்லாம் ஆறு மாதத்தில் கைகூடும்.

விளையாட்டுப் பிசியோதெரபிஸ்டாக நான் பார்க்கும் சைக்கிள்காரர்களில், நெடும்பயணத்தைப் பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் மெதுவாக ஓட்டுபவர்கள் இல்லை. நல்ல கால்பலம் உள்ளவர்கள்தான். முதல் மூன்று நாள் உற்சாகத்தில் பெரிய கியரில் போட்டு மிதித்துவிட்டு, ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ முட்டியைப் பிடித்துக்கொண்டு வேனில் ஏறுவார்கள். மெதுவாகப் போகிறவருக்குத் தன் அளவு தெரியும், அதை மீறிப் பழக்கமும் இருக்காது. பல நாள் பயணத்தில் அது பெரிய பலம். ஆகவே "பாரம்" என்ற எண்ணத்தை இப்போதே இறக்கி வையுங்கள். குழுவின் வேகம் உங்களை ஒட்டி அமைந்தால் மற்ற எட்டுப் பேரின் முட்டியும் பிழைக்கும் என்பதை அவர்களிடமும் சொல்லுங்கள்.

பிஆர்எம் ஓட்டுங்கள், நல்லதுதான். 200 கி.மீ. தூரத்தை 13.5 மணி நேரத்துக்குள் முடிக்கும்போது வெயில், பசி, சலிப்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆனால் அது ஒரு நாளோடு முடிகிற பரீட்சை. முடித்துவிட்டு வீட்டில் இரண்டு நாள் படுத்துக் கிடந்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. உங்கள் பயணத்தில் 140 கி.மீ. ஓட்டிய மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு அதே சீட்டில், அதே உடம்போடு திரும்ப உட்கார வேண்டும். நீங்கள் பழக வேண்டியது அந்த மறுநாள் காலையைத்தான். சாப்பாடு, வேகம், சீட், தூக்கம் என்று இனி எதை முடிவு செய்தாலும் "நாளைக்குக் காலையில் உட்கார முடியுமா?" என்ற கேள்வியை முன்னால் வையுங்கள்.

அதனால் ஞாயிறு 70 கி.மீ. என்பதை முதலில் இரண்டாகப் பிரியுங்கள். சனி 45, ஞாயிறு 45. ஞாயிறு காலை கால் கனமாக இருக்கும். அந்தக் கனத்தோடு மிதிப்பதுதான் பயிற்சி. வார நடுவில் இரண்டு நாள் விடியற்காலை ஒரு மணி நேரம் போதும். வங்கி வேலையோடு அதற்கு மேல் யாராலும் முடியாது. வாரத்தின் மொத்த தூரத்தைப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதீர்கள், நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள். உடம்பு பலம் ஏறுவது ஓட்டும்போது இல்லை, இந்தக் குறைத்த வாரத்தில்தான். இப்படியே போனால் ஜூலையில் சனி 80, ஞாயிறு 70 வரும். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மதுரையிலிருந்து தேனி வழியாகக் கம்பம் போய்த் தங்கி மறுநாள் திரும்புங்கள். ஒவ்வொரு நாளும் நூறைத் தாண்டும். வேகம் எவ்வளவு என்று மீட்டரைப் பார்க்க வேண்டாம். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா, அதுதான் அளவு.

மலையும் வேண்டும். இந்தப் பயணத்தில் மலை முதலிலேயே வந்துவிடுகிறது. ஸ்ரீநகரிலிருந்து பனிஹால், ராம்பன், அப்புறம் பழைய சாலையில் 2,024 மீட்டர் உயரத்தில் பட்னிடாப், அங்கிருந்து உதம்பூர், ஜம்மு என்று இறங்கும் பாதை அது. பட்னிடாப் ஏறக்குறைய கொடைக்கானல் உயரம். உங்களுக்குத் திண்டுக்கல் பக்கத்தில் சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மாதம் இரண்டு முறை ஏறி இறங்குங்கள். ஏறும்போது சின்ன கியர், பெடல் நிமிடத்துக்கு 70, 80 சுற்று. இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியே வராமல், விட்டு விட்டுப் பிடிக்கப் பழகுங்கள். ஜம்மு மலைச்சாலையில் பழைய கணவாய்களுக்குப் பதிலாக இப்போது நீளமான சுரங்கங்கள் வந்துவிட்டன. சேனானி–நாஷ்ரி சுரங்கம் மட்டும் 9 கி.மீ.க்கு மேல். வாகனப் புகை நிறைந்த சுரங்கத்துக்குள் சைக்கிளில் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பழைய சாலையில் போக முடியாத இடங்களில் அந்தத் துண்டுகளை வேனில் கடந்துவிடுங்கள். ராம்பன் பகுதியில் மழை பெய்தால் மண் சரிந்து சாலையையே மூடிவிடுவார்கள். ஆகவே ஜம்மு சேரும் தேதியில் ஒரு நாள் தளர்வு வைக்கச் சொல்லுங்கள்.

சரி, 27 நாள் கணக்குக்கு வருவோம். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்கு 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 3,700 கி.மீ. ஓய்வே இல்லாமல் ஓட்டினால்தான் நாளுக்கு ஏறக்குறைய 140 வருகிறது. ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தாலோ, ஒரு நாள் முழுக்க எதிர்க்காற்று அடித்தாலோ கணக்கு உடைந்துவிடும். விட்ட தூரத்தைப் பிடிக்க இருட்டில் ஓட்டுவார்கள், அங்கேதான் விபத்து. பெரிய லாரிச் சாலையில் களைத்த உடம்போடு இரவில் சைக்கிள் ஓட்டுவதை எந்தச் சமாதானத்தாலும் என்னால் ஏற்க முடியாது. மாலை நான்கு மணிக்கு எங்கே இருக்கிறீர்களோ அங்கே அன்றைய ஓட்டம் முடிந்தது என்று கிளம்பும் முன்பே ஒன்பது பேரும் பேசி முடிவெடுங்கள்.

லீவைக் கூட்ட முடியாது என்றால் ஒரு வழி சொல்கிறேன். பானிப்பட்டிலிருந்து ஆக்ரா வரையான சுமார் 300 கி.மீ. தூரத்தை வேனிலோ ரயிலிலோ தாண்டுங்கள். டெல்லியும் அதைச் சுற்றிய ஊர்களும் சைக்கிளுக்கான இடமே இல்லை, அந்த நெரிசலை மிதித்துக் கடப்பதில் ஒரு பெருமையும் இல்லை. மீதி 3,400 கி.மீ. அதை 24 நாளில் ஓட்டினால் அதே 140 தான் வரும், மூன்று நாள் ஓய்வும் கிடைக்கும். ஆக்ராவில் ஒன்று, நாக்பூரில் ஒன்று, கர்னூலில் ஒன்று என்று வைத்தால் ஆறேழு நாளுக்கு ஒரு ஓய்வு அமைகிறது. "முழுவதும் மிதித்தோம் என்று சொல்ல முடியாதே" என்று யாராவது வருத்தப்பட்டால், அவரிடம் நீங்கள் தயங்காமல் பேச வேண்டும். 3,400 கி.மீ. முழுசாகச் சேர்ந்து வரும் ஒன்பது பேர் எனக்கு முக்கியம். 3,700ஐ முடித்த நான்கு பேரும், வேனில் வந்த ஐந்து பேரும் என்ற கணக்கை நான் விரும்பவில்லை.

தேதியையும் மாற்ற முடியுமா பாருங்கள். நவம்பர் முதல் வாரம் ஸ்ரீநகரில் கிளம்பினால் பஞ்சாப், ஹரியானாவை வைக்கோல் தாள் எரிக்கும் புகைக்காலத்தில் கடப்பீர்கள். நிதானமாக மிதிக்கும்போதே சும்மா இருக்கும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு காற்றை நுரையீரல் இழுக்கும். அந்தக் காற்றில் தினம் ஏழு மணி நேரம் என்பது உடம்புக்குச் செய்யும் கெடுதல். அதுவே செப்டம்பர் 25 வாக்கில் கிளம்பினால் காஷ்மீரில் இதமான குளிர், பஞ்சாபில் புகை ஏறும் முன் தாண்டிவிடலாம், மத்தியப் பிரதேசத்தில் மழை ஓயும் நேரம், தமிழ்நாட்டுக்குள் ஓசூர் வழியாக நுழையும்போது அக்டோபர் மூன்றாம் வாரம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சமயம் என்பதால் கடைசி சில நாள் நனையலாம். நனைந்தால் துவட்டிக்கொள்ளலாம், புகைக்கு அப்படி ஒரு வழி இல்லை. தேதி மாறவே மாறாது என்றால் அம்பாலாவிலேயே வேனில் ஏறிவிடுங்கள்.

இனி உங்கள் விரல்கள். சுண்டுவிரல், மோதிர விரல் என்று குறிப்பாக எழுதியது எனக்குப் பெரிய உதவி. அந்த இரண்டு விரலுக்கும் உணர்வு தருவது அல்நார் நரம்பு. முழங்கையின் உட்புறமாக வந்து, சுண்டுவிரல் பக்கத்து உள்ளங்கை அடியில் ஒரு குறுகலான வழியாக விரல்களுக்குப் போகிறது. ஹேண்டில்பாரில் நீங்கள் உடம்பின் பாரத்தை ஊன்றும் இடமும் அதுதான். இறங்கிக் கையை உதறினால் சில நிமிடத்தில் சரியாகிவிடுகிறதென்றால் அழுத்தம்தான் காரணம், திருத்திவிடலாம். இரவு வரைக்கும் மரத்திருந்தாலோ, சட்டைப் பொத்தான் போடவும் சாவி திருப்பவும் விரல் வலுவிழந்தாலோ ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அழுத்தத்தைக் குறைக்க ஹேண்டிலில் இருந்து தொடங்காதீர்கள், சீட்டில் இருந்து தொடங்குங்கள். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கும், அந்தப் பாரம் முழுக்கக் கைக்குப் போகும். ஃபோனில் இருக்கும் மட்டம் பார்க்கும் வசதியைத் திறந்து சீட்டின் மேல் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். அடுத்து, ஹேண்டில் எட்டாத தூரத்தில் இருந்தால் முழங்கையை நீட்டிப் பூட்டிக்கொள்வோம். முழங்கை லேசாக மடங்கி நிற்கும்படி ஸ்டெம்மை (ஹேண்டிலைச் சைக்கிளோடு இணைக்கும் துண்டு) குட்டையாக்கலாம், ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்தலாம். ஹைப்ரிட்டின் நேரான பாரில் கை வைக்க ஒரே இடம்தான். அதுதான் அதன் உண்மையான குறை. இரண்டு முனையிலும் பார் எண்ட் (கொம்பு போன்ற கூடுதல் பிடி) மாட்டி, உள்ளங்கையைத் தாங்கும் அகல கிரிப் போட்டால் பிடியை மாற்ற இடம் கிடைத்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுவதைப் பழக்கமாக்குங்கள். டயரில் காற்றைக் கல்லாக அடிக்க வேண்டாம். 32 மி.மீ. அளவு டயரில் கொஞ்சம் குறைத்த காற்று, சாலையின் அதிர்வைக் கை வரைக்கும் விடாது.

இத்தனையும் செய்தால் ரோடு பைக் வேண்டியதில்லை. நான்கு வருடம் உங்கள் உடம்புக்குப் பழகிய சைக்கிள் இது. புதியதில் வேகம் ஒன்றிரண்டு கி.மீ. கூடலாம், கூடவே கழுத்து வலியும் முதுகு வலியும் புதிதாகத் தொடங்கலாம். அந்தப் பணத்தில் நல்ல சீட் ஒன்று, தரமான பேட் வைத்த ஷார்ட்ஸ் மூன்று, மலைக்கு ஏற்ற பெரிய பல்சக்கரம் உள்ள கேசட் (பின்சக்கரத்தின் கியர் தொகுதி) ஒன்று வாங்குங்கள். கிளம்புவதற்கு ஆறு வாரம் இருக்கும்போது சைக்கிளின் அளவுகளை மாற்றுவதை நிறுத்திவிடுங்கள். சீட் உயரத்தையும் ஹேண்டில் நிலையையும் டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள். ஸ்ரீநகருக்கு அனுப்பக் கழற்றி மாட்டும்போது அரை அங்குலம் மாறினால் கூட முட்டி சொல்லிவிடும். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறது, பின்பக்கம் வலித்தால் உயர்ந்திருக்கிறது என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

சீட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. மெத்தென்ற ஜெல் சீட் முதல் ஒரு மணி நேரம் சுகமாக இருக்கும். அப்புறம் நம் உட்காரும் எலும்புகள் அதில் புதைந்து, நடுவில் உள்ள மென்மையான பகுதி அழுந்தும். எலும்பைத் தாங்கும் அளவுக்கு உறுதியான, நடுவில் பள்ளமுள்ள சீட்தான் பல நாளுக்குத் தாங்கும். பெண்களுக்கு அந்த எலும்புகளின் இடைவெளி பொதுவாகக் கூடுதல் என்பதால் அகலம் முக்கியம். அட்டைப்பெட்டியின் அட்டை ஒன்றைக் கெட்டியான நாற்காலியில் போட்டு உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளம் விழும். அந்த இடைவெளியை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பேட் ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடக்கூடாது, தையல்தான் முதலில் அறுக்கும். முகாம் சேர்ந்ததும் முதல் வேலை குளிப்பது, ஷார்ட்ஸைத் துவைத்துக் காயப்போடுவது. ஈரம் காயாததை மறுநாள் போடாதீர்கள். கிளம்பும் வாரத்தில் ஷேவிங், வேக்ஸிங் வேண்டாம். மயிர்க்கால் வீங்கிக் கொப்புளமாகும். மாதவிலக்கு இந்த 27 நாளில் ஒரு முறையாவது வரலாம். பேடைவிட மென்ஸ்ட்ருவல் கப் சைக்கிளுக்கு வசதி, ஆனால் அதை இப்போதிருந்தே இரண்டு மூன்று மாதம் பழகிக்கொள்ள வேண்டும். தள்ளிப்போடும் மாத்திரையை மருத்துவரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

பெண்கள் விஷயத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒன்று: கழிப்பறை கிடைக்காது என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்வது. ஆண்கள் சாலையோரம் ஒதுங்கிவிட்டு வந்துவிடுவார்கள், நீங்கள் இருவரும் 60 கி.மீ. அடக்கிக்கொண்டு ஓட்டுவீர்கள். மதியத்துக்குள் தலைவலி, மாலையில் கால் பிடிப்பு, நான்காம் நாள் சிறுநீர் எரிச்சல் என்று அது வரிசையாக வரும். நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்குகளிலும் சுங்கச்சாவடிகளிலும் கழிப்பறை உண்டு. எல்லா ஓய்வு நிறுத்தங்களையும், 20 முதல் 25 கி.மீ.க்கு ஒன்றாக, அந்த இடங்களில்தான் வைக்க வேண்டும் என்பது குழுவின் விதியாக இருக்கட்டும். இது சலுகை கேட்பதில்லை. திட்டம் போடுகிறவர் தூரத்தையும் ஓட்டலையும் குறிப்பதுபோல இதையும் குறிக்க வேண்டும். வேனில் பின்பக்கம் ஒரு திரையும் சின்ன கையடக்கக் கழிப்பறையும் வைத்துக்கொண்டால் சாகருக்கும் நாக்பூருக்கும் இடையே உள்ள காட்டுப்பகுதி, அனந்தபூர் பக்கத்து வெட்டவெளி எங்கேயும் பயமில்லை.

மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரையே நாள் முழுக்கக் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி மயக்கம் வரலாம். ஒன்று விட்டு ஒரு பாட்டிலில் ஓஆர்எஸ் கலக்குங்கள். பொடி கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு சின்ன ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. சாப்பாட்டில், ஓட்டும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு வாழைப்பழமும் இரண்டு கடலைமிட்டாயும் அந்தக் கணக்குக்குள் வந்துவிடும். பசிக்கும்வரை காத்திருக்காமல் முக்கால் மணிக்கு ஒருமுறை கொறியுங்கள். வடக்கே தாபாக்களில் காலையில் எண்ணெய் மிதக்கும் பரோட்டாவைப் பார்த்தால் ஆசை வரும். அதை இரவுக்கு வைத்துக்கொண்டு, காலையில் ரொட்டி, பருப்பு, தயிர் என்று போங்கள். பச்சைச் சட்னி, நறுக்கிய வெங்காயம், ஐஸ் போட்ட கரும்புச்சாறு இவற்றைத் தொடாதீர்கள்.

உங்கள் வேகத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம், அதைச் சோதிக்காமல் விட எனக்கு மனமில்லை. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்தால் தசைக்கு ஆக்ஸிஜன் போவது குறையும், எவ்வளவு பயிற்சி செய்தாலும் மூச்சு வாங்கும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச்சத்தின் இருப்பு), தைராய்டு மூன்றையும் இந்த மாதமே பாருங்கள். குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்லும் மருந்தை இப்போது தொடங்கினால் செப்டம்பருக்குள் தேறிவிடலாம். வாரம் இரண்டு நாள் இருபது நிமிடம் ஸ்க்வாட், பிளாங்க், படுத்தபடி இடுப்பைத் தூக்கும் பயிற்சியும் செய்யுங்கள். சைக்கிள் ஓட்டுவது எலும்புக்குப் பாரம் தராத உடற்பயிற்சி, அதனால் எலும்பு உறுதிப்படாது. நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்ணுக்குச் சைக்கிள் மட்டும் போதாது.

உங்கள் 58 வயது நண்பர் எந்தச் சர்க்கரை மாத்திரை எடுக்கிறார் என்பது முக்கியம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் ஓட்டும்போது சர்க்கரை தாழும் ஆபத்து குறைவு. கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ இருந்தால், ஏழு மணி நேரம் மிதிக்கும் நாளில் அதே அளவு மருந்து சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். பயண நாள்களுக்கான அளவை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இதயப் பரிசோதனையும், முடிந்தால் டிரெட்மில் டெஸ்ட்டும் அவர் செய்துகொள்ளட்டும். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறினால் உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும் என்பது ஒன்பது பேருக்கும் ஓட்டுநருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று எல்லோருக்கும்: வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் போன்றவை, உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வலியை மறைத்து முட்டியையும் கெடுக்கும்.

சாலையில் ஒருவர் பின் ஒருவராக ஓட்டுங்கள். முன்னால் போகிறவர் காற்றை உடைப்பதால் பின்னால் வருபவருக்கு உழைப்பு ஓரளவு மிச்சமாகும். அதனால் உங்கள் இடம் இரண்டாவது அல்லது மூன்றாவது, கடைசியில் வேண்டாம். பலசாலிகள் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் மாறிக்கொள்ளட்டும், கடைசியில் அனுபவமுள்ள ஒருவர் வரட்டும். முன் சைக்கிளின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் முன்சக்கரம் நுழையவே கூடாது. உரசினால் விழுவது பின்னால் இருப்பவர்தான். குழி, கண்ணாடி, எதிர்த்திசையில் வரும் பைக் எல்லாவற்றையும் முன்னவர் குரல் கொடுத்தும் கைகாட்டியும் சொல்ல வேண்டும். வெடித்த லாரி டயர்களின் கம்பித் துணுக்குகள் சாலையோரம் முழுக்கக் கிடக்கும். பஞ்சர் ஆனால் அந்தக் கம்பியை டயரிலிருந்து பிடுங்காமல் புது டியூப் மாட்டினால் அதுவும் போய்விடும். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே தொப்பூர் கணவாயில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் மோதும் விபத்துகள் அடிக்கடி நடக்கின்றன. நீங்கள் அதில் இறங்குமுகமாக வருவீர்கள். அதிகாலையில் வண்டி குறைவான நேரத்தில் கடங்கள், இல்லாவிட்டால் வேனில் ஏற்றிவிடுங்கள்.

இதையெல்லாம் காகிதத்தில் படித்துவிட்டு ஸ்ரீநகரில் முதன்முதலாக முயற்சி செய்யக்கூடாது. ஆகஸ்ட் விடுமுறையில் ஒன்பது பேரும் அந்த வேனும் சேர்ந்து மூன்று நாள் ஒத்திகை போங்கள். மதுரையிலிருந்து கரூர், கரூரிலிருந்து தர்மபுரி, தர்மபுரியிலிருந்து பெங்களூரு. அதே 44ஆம் நெடுஞ்சாலை, அதே லாரிகள், மூன்று நாளில் 430 கி.மீ.க்கு மேல். தொப்பூரை ஏறுமுகமாகவும் பார்த்துவிடலாம். திரும்ப ரயிலில் வந்துவிடுங்கள். உங்கள் வேகத்தில் குழு போகிறதா, நிறுத்தங்களில் கழிப்பறை இருந்ததா, யார் யாரை விட்டுவிட்டு ஓடுகிறார்கள் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். மூன்றாம் நாள் காலை தர்மபுரியில் எல்லோரும் எப்படி எழுந்தார்கள் என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அப்போதும் உங்களை விட்டுவிட்டு முன்னால் ஓடும் குழுவாக இருந்தால், அவர்களோடு மாதம் முழுக்கப் பயணம் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கிளம்புவதற்குப் பத்து நாள் இருக்கும்போது தூரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு நன்றாகத் தூங்குங்கள். அதற்கு முன், ரத்தப் பரிசோதனை முடிவையும், சீட்டைச் சமப்படுத்திய பிறகு எத்தனை மணி நேரம் ஓட்டிய பிறகு விரல் மரப்பு தொடங்குகிறது என்பதையும் எனக்கு எழுதுங்கள். நான்கு வாரத்தில் குறையவில்லை என்றால் நீங்கள் சைக்கிளில் உட்கார்ந்திருக்கும்போது பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். ஹேண்டிலை எவ்வளவு உயர்த்துவது என்று பார்த்துச் சொல்கிறேன்.